ஈறில் ஒரு நீலக் கோடு

"உங்களுக்கு யார் மேலயாவது சந்தேகம் இருக்கா?"

இது போலீஸ்காரர் கேட்கிற கேள்வி. என்னிடம் கேட்டவர் ஒரு டாக்டர். என் வாயில் பதில் தயாராக இருந்தது. இரண்டு மாதமாகவே தயாராக இருந்தது. சொல்லிவிட்டேன். அப்படிச் சொன்னதால் வந்தது என்ன, என் உடம்பில் ஏறியிருந்தது என்ன, அந்த டாக்டர் அம்மா எப்படிப்பட்டவர் என்பதையெல்லாம் நம் பக்கத்து ஜனங்கள் தெரிந்துகொள்ளட்டும் என்று எழுதுகிறேன். எட்டாவது வரை படித்தவன் எழுத்து. தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எழுதும் கைக்குத் தெம்பு கொடுத்த கெங்கையம்மனைக் கும்பிட்டுத்தான் ஆரம்பிக்கிறேன்.

என் பெயர் ஏழுமலை. மாதனூர் பக்கம் கிராமம். தோல் பதனிடும் டேனரி ஒன்றில், ஃபினிஷிங் பிரிவில் இருபத்து மூன்று வருடமாக வேலை. பதப்பட்டு வந்த தோலுக்குக் கடைசியில் கலர் அடித்து மெருகு ஏற்றுகிற இடம் அது. வேலைக்குக் கிளம்பும் முன், எங்கள் தெருக்கோடியில் இருக்கிற கெங்கையம்மனுக்குத் தினமும் பூசை வைப்பது என் பொறுப்பு. அப்பா வைத்தார், பிறகு நான். அம்மனைக் குளிப்பாட்டி, முகத்துக்கு மஞ்சள் காப்பு சார்த்தி, தீபம் காட்டி, வந்தவர்களுக்குத் தீர்த்தம் கொடுத்துவிட்டு நானும் குடித்த பிறகுதான் என் வாயில் காபி படும்.

என் மனைவி வசந்தா ஷூ கம்பெனிக்குப் போகிறாள். காலை ஆறு மணிக்கெல்லாம் கம்பெனி பஸ் மெயின் ரோட்டில் வந்து நிற்கும். பூசைக்கு அவளால் இருக்க முடியாது. பெண்ணைக் கட்டிக்கொடுத்துவிட்டோம். அடுத்த வாசல் என் தம்பி குமாருடையது. அப்பா கட்டிய வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரித்துக்கொண்டோம். தம்பி மனைவி கோமதி. அவர்களுக்கு யாழினி என்று மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. வசந்தா விடியுமுன் போய்விடுவதால் எனக்கு மத்தியானச் சோறு கட்டிக் கொடுப்பது கோமதிதான். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. போன வருடம் வீட்டுக்கு முன்னால் இருக்கிற காலி இடத்தில் மாடிப்படி கட்டுவது யார் என்று ஒரு பேச்சு வந்தது. அதிலிருந்து இரண்டு வாசலுக்கும் நடுவே சிரிப்பு கம்மியாகிவிட்டது.

தை பிறந்த கையோடு எனக்கு வயிற்று வலி ஆரம்பித்தது. ஈரத் துணியைப் பிழிகிற மாதிரி தொப்புளைச் சுற்றிப் பிழியும். நாலு நாள், ஐந்து நாள் வெளிக்கே போகாது. சோற்றைக் கண்டால் வெறுப்பு. முகம் வெளுத்துவிட்டது. எதற்கெடுத்தாலும் கோபம் வந்தது. ஆம்பூரில் ஒரு டாக்டர் கேஸ் என்றார். இன்னொருவர் புண் இருக்கும் என்று வாய்வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார், புண் இல்லை. ஸ்கேன் எடுத்தார்கள், ஒன்றும் இல்லை. ஒருவர் குடல்வாலாக இருக்கலாம் என்று ஆபரேஷனுக்கு நாள் குறிக்கப் பார்த்தார். வசந்தாதான் வேண்டாம் என்று எழுப்பிக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு இடத்திலும் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து டோக்கன் நம்பரையே பார்த்துக்கொண்டிருப்போம். 'ஒன்றும் இல்லை' என்று எழுதிய காகிதத்துக்குப் பணம் கட்டிவிட்டு வலியோடு பஸ் ஏறுவோம். ஒன்றும் இல்லாத வயிறு ஏன் இப்படி முறுக்க வேண்டும்? அந்த இடத்தில்தான் சந்தேகம் உள்ளே நுழைந்தது.

எங்கள் பக்கத்தில் இடுமருந்து என்று ஒரு பேச்சு உண்டு. வேண்டாதவர்கள் சோற்றில் எதையோ கலந்து கொடுத்துவிடுவார்கள், அது வயிற்றில் ஒட்டிக்கொண்டு ஆளை உருக்கும் என்பார்கள். அதை எடுப்பதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். அப்படி ஒருவரிடம் போனேன். வயிற்றை அமுக்கி அமுக்கி, கடைசியில் வெற்றிலையில் கறுப்பாக ஒரு உருண்டையைக் காட்டினார். ஒரே சுவரில் இருக்கிற பெண்பிள்ளை வைத்தது என்றார். நான் அவரிடம் வீட்டைப் பற்றியோ சுவரைப் பற்றியோ சொல்லவில்லை. சொல்லவில்லை என்றுதான் அப்போது நினைத்தேன். பிறகு யோசித்தால், காத்திருக்கும்போது அவருடைய மச்சானிடம் எல்லாவற்றையும் கொட்டியிருக்கிறேன்.

அன்றிலிருந்து கோமதி கொடுத்த சோற்றை நான் தொடவில்லை. வாங்கிக்கொள்வேன். டேனரி கேட்டில் ஒரு செவலை நாய் இருக்கும், அதற்குப் போட்டுவிட்டு நான் பன்னும் டீயும் சாப்பிடுவேன். நாய்க்கு ஏதாவது ஆகிறதா என்று தினமும் பார்த்தேன். அது கொழுத்துக்கொண்டே போனது. மனிதனுக்கென்று வைத்தது நாயைப் பிடிக்காது போல என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். சந்தேகம் வந்துவிட்டால் எதைப் பார்த்தாலும் அதற்குச் சாட்சியாகத்தான் தெரிகிறது.

சோற்றை நிறுத்தியும் வலி நிற்கவில்லை. தண்ணீரில் வைக்கிறாளோ என்று இரண்டு வீட்டுக்கும் பொதுவான தொட்டித் தண்ணீரை நிறுத்தினேன். அப்போதும் நிற்கவில்லை. கடைசியில் அம்மன் காலையே பிடித்துக்கொண்டேன். காலையில் உள்ளங்கை அளவு குடிக்கிற தீர்த்தத்தை ஒரு டம்ளர் குடித்தேன். சாயந்திரம் விளக்கு வைக்கும்போது இன்னொரு டம்ளர். வேறு யார் கையிலும் எனக்கு நம்பிக்கை இல்லாமல் போய்விட்டது.

பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை, தீபம் காட்டிக்கொண்டிருக்கும்போது என் வலது கை மணிக்கட்டோடு மடங்கிக் கீழே தொங்கியது. தட்டு அம்மன் காலடியில் விழுந்து உருண்டது. தூக்கப் பார்க்கிறேன், கை வரவில்லை. வலியில்லை, மரத்துப்போகவும் இல்லை. கை என் பேச்சைக் கேட்கவில்லை, அவ்வளவுதான். கூடவே வயிறு பிடித்துக்கொண்டது. அங்கேயே சுருண்டு விழுந்தேன். குமார்தான் வண்டி பிடித்து வேலூருக்குக் கொண்டுபோனான். எந்த ஆஸ்பத்திரி என்று பெயர் எழுதவில்லை. வழியெல்லாம் அவன் என் தலையைத் தன் மடியில் வைத்திருந்தான். இவனுக்கும் தெரிந்துதான் நடக்கிறதோ என்று அந்த மடியில் படுத்துக்கொண்டே நினைத்தேன். அம்மன் என்னை மன்னிக்கட்டும்.

எமர்ஜென்சி என்பது சந்தைக்கடை மாதிரி. எனக்குப் பக்கத்தில் லாரியில் அடிபட்ட ஒருவர், அந்தப் பக்கம் மூச்சு இழுத்துக்கொண்டிருந்த ஒரு வயசான அம்மா. பக்கவாதமோ என்று என் தலைக்கு ஸ்கேன் எடுத்தார்கள். இல்லை என்றார்கள். அப்போதுதான் அந்த டாக்டர் அம்மா வந்தார். குள்ளமான உருவம், நாற்பது வயதுக்குள் இருக்கும், காலில் ரப்பர் செருப்பு. பெயர் தமிழரசி. எல்லாரும் என் கையைப் பார்த்தார்கள். அவர் என் மேலுதட்டைத் தூக்கி டார்ச் அடித்தார். பல்லும் ஈறும் சேர்கிற இடத்தில் விரலை வைத்துக் கூட இருந்த சின்ன டாக்டர்களுக்குக் காட்டினார். கண்ணாடி கொண்டுவரச் சொல்லி எனக்கும் காட்டினார். ஈறின் ஓரமாகப் பேனாவால் இழுத்த மாதிரி ஒரு கருநீலக் கோடு. தினமும் பல் விளக்குகிற வாய்தான், நான் பார்த்ததில்லை.

"என்ன வேலை பார்க்கிறீங்க ஐயா?"

டேனரி என்றேன். அவர் முகத்தில் பாதி விடை கிடைத்த மாதிரி ஒரு அசைவு. எந்தப் பிரிவு, என்னென்ன கலர், கையுறை போடுவீர்களா, அங்கேயே சாப்பிடுவீர்களா என்று கேட்டுக்கொண்டே போனார். நாட்டு மருந்து, பஸ்பம், தாயத்து, பீடி எல்லாம் கேட்டார். கடைசியாகத்தான் அந்தக் கேள்வி. யார் மேலயாவது சந்தேகம் இருக்கா?

"என் தம்பி பொண்டாட்டி கோமதி," என்றேன். "சோத்துல வைக்கிறா."

குமார் கட்டில் பக்கத்தில்தான் நின்றிருந்தான். திரும்பி வெளியே போய்விட்டான்.

விஷம் என்று சந்தேகம் வந்தால் போலீசுக்குத் தகவல் சொல்லியாக வேண்டும், அது சட்டம் என்று டாக்டர் அம்மா சொன்னார். ஆஸ்பத்திரிக்குள்ளேயே இருக்கிற போலீஸ் அவுட்போஸ்டிலிருந்து ஒரு ஏட்டு வந்து நான் சொன்னதை எழுதிக்கொண்டார். கோமதி, கணவர் பெயர் குமார், கதவு எண் எல்லாம் எழுதினார். வலது கை தொங்கிக்கிடந்ததால் இடது கைப் பெருவிரலை மையில் தொட்டு ரேகை வைத்தேன். அவர் போன பிறகு டாக்டர் அம்மா என்னிடம், "அவர் பேர எழுதுறாரு. நான் பேர எழுத மாட்டேன் ஐயா, பொருளத்தான் எழுதுவேன். எந்தப் பொருள், எந்த வழியா உள்ள போச்சு, அவ்வளவுதான் என் வேலை," என்றார். இவரும் கோமதிக்கு உறவோ என்று ஒரு கணம் நினைத்தேன்.

ரத்தத்தைக் கண்ணாடியில் தடவிப் பார்த்ததில் சிவப்பு அணுக்களில் நீலப் புள்ளி புள்ளியாக இருந்ததாம். அளவு சொல்கிற பரிசோதனையை வெளியூருக்கு அனுப்பியிருந்தார்கள். மூன்று நாளாகும் என்றார்கள். மூன்றாம் நாள் வந்தது. என் ரத்தத்தில் ஈயம். வசந்தா, ஈயச் சொம்பில் ரசம் வைப்போமே அதுவா என்று கேட்டாள். அது வெள்ளீயம், இது காரீயம் என்று டாக்டர் விளக்கினார். காரீயம் நாள்பட உள்ளே போனால் ரத்தம் ஊறாது, குடல் முறுக்கும், கைக்குப் போகிற நரம்பு சோர்ந்துவிடும், மனுஷனுக்குக் காரணமில்லாமல் கோபம் வரும் என்றார். கோபத்துக்கு மட்டும் எனக்குக் காரணம் இருந்தது என்று சொல்லிக்கொண்டேன்.

அந்த நாட்களில் வார்டு சிஸ்டர் ஒருவர் எனக்கு அந்த டாக்டரைப் பற்றிச் சொன்னார். எமர்ஜென்சி டாக்டராக இருந்துகொண்டே விஷத்தைப் பற்றி மட்டும் தனியாகப் படித்தவராம். பாம்புக்கடி, பூச்சிமருந்து, தேள், அரளிக்கொட்டை, கம்பெனிக் கெமிக்கல் எது வந்தாலும் இவரைத்தான் கூப்பிடுவார்களாம். கேன்டீனில் இவர் டீ வாங்கிக் கொடுத்தால் மற்ற டாக்டர்கள் முதலில் நீங்க குடிங்க மேடம் என்பார்களாம். பெண் பார்க்க வந்த இடத்தில் இவர் படிப்பைக் கேட்டுவிட்டு, மருமக சமையலை நாங்க எப்படிம்மா நம்பறது என்று எழுந்து போய்விட்டார்களாம். இதை அவரே சொல்லிச் சிரிப்பாராம்.

சந்தேகம் முதலில் கம்பெனி மேல்தான் விழுந்தது. எங்கள் மேஸ்திரி ரஹீம் பாய் மேல்விஷாரத்துக்காரர், இருபது வருடப் பழக்கம். ஆரஞ்சுப் பழப் பையோடு என்னைப் பார்க்க வந்தவரை டாக்டர் உட்காரவைத்து ரத்தம் எடுத்துவிட்டார். "பழம் குடுக்க வந்தவன்கிட்ட ரத்தம் புடுங்குறீங்களே மேடம்," என்றார் பாய். ஆனால் மறுநாளே எங்கள் பிரிவில் இருக்கிற இன்னும் ஐந்து பேரை அவரே கூட்டிக்கொண்டு வந்தார். ஈயம் சேர்ந்த கலரை, தோல் வாங்குகிற வெளிநாட்டு பையர் நிறுத்தச் சொல்லி ரொம்ப நாளாச்சு, பழைய மூட்டை ஓரமாகக் கிடக்கிறது, வேலைக்கு யாரும் தொடுவதில்லை என்று விளக்கினார். நானும் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தேன். அவர்கள் ஆறு பேருக்கும் ரத்தம் சுத்தமாக இருந்தது. ஒரே இடத்தில், ஒரே காற்றில் வேலை செய்தவர்கள். அப்படியானால் வீடுதான்.

இப்போதாவது நம்புகிறீர்களா என்கிற மாதிரி டாக்டரைப் பார்த்தேன். அவர் கட்டில் ஓரத்து ஸ்டூலில் உட்கார்ந்தார். உட்கார்ந்து பேசி நான் பார்த்தது அன்றுதான்.

அவர் அணைக்கட்டுப் பக்கம், விவசாயக் குடும்பம். படிப்பு முடித்து முதல் முதலாக எமர்ஜென்சியில் நின்ற வருடம், ஒரு மருமகப் பெண்ணை மயக்கமாகத் தூக்கி வந்தார்களாம். கிட்டே போனாலே பூச்சிமருந்து வாடை. வாயில் நுரை. மாமியார் வாசலில் அழாமல் நின்றிருக்கிறாள். அழாமல் நின்றதைப் பார்த்து இவர் முடிவு கட்டிவிட்டார். போலீசிடமும் சொல்லிவிட்டார். வயிற்றைக் கழுவினார்கள், ஊசி போட்டார்கள். தேறி வருவாள், மறுபடி மோசமாவாள். காரணம் புரியவில்லை. மறுநாள் ஒரு ஆயாம்மா அந்தப் பெண்ணின் தலையைத் தூக்கியபோது தலையணையே நாறியிருக்கிறது. பேனுக்காக வயலுக்கு அடிக்கிற மருந்தைத் தலையில் தேய்த்துத் துணி கட்டிக்கொண்டிருக்கிறாள் அந்தப் பெண், தானாகவே. வாய் வழியாக ஒரு சொட்டுக்கூடப் போகவில்லை. தலை வழியாகத்தான் இறங்கிக்கொண்டே இருந்திருக்கிறது. தலையைக் கழுவும்போது நேரம் கடந்துவிட்டது.

"அந்த மாமியார் ரெண்டு நாள் ஸ்டேஷன்ல உக்காந்திருந்தாங்க," என்றார். "என் வார்த்தையால. முடிய மோந்து பார்த்திருந்தா அந்தப் பொண்ணு இருந்திருக்கும். நான் ஆள மோந்து பார்த்துட்டேன்."

அதற்குப் பிறகுதான் விஷத்தைப் படிக்கப் போனாராம். வேறு ஊரில் வருடக்கணக்கில் படித்துவிட்டு, பெரிய நகரத்தில் கூப்பிட்டும் போகாமல் இந்தப் பக்கமே திரும்பி வந்தாராம். தோலும் சாயமும் பூச்சிமருந்தும் ஒரே ஜில்லாவில் இருக்கிற இடம் இது, என்னை மாதிரி ஆளுக்கு வேறெங்கே வேலை என்றார். நான் தலையாட்டினேன். ஆனால் உள்ளுக்குள், கோமதியைத் தப்பிக்கவைக்கத்தான் இந்தக் கதை என்று நினைத்தேன். அப்படி இருந்தது என் புத்தி.

வீட்டில் வாய்க்குப் போகிற பொருள் எல்லாவற்றையும் கொண்டுவரச் சொன்னார். குமார் ஒரு சாக்கில் உப்பு, மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், எண்ணெய், கஷாயப் பொடி, பழைய பாத்திரம், கோமதி எனக்குச் சோறு கட்டிக் கொடுத்த டிபன் கேரியர் எல்லாவற்றையும் கொண்டுவந்து வைத்தான். என் கட்டில் பக்கம் வரவில்லை. எதிலும் ஈயம் இல்லை. பிறகு இரண்டு வீட்டிலும் எல்லாருக்கும் ரத்தம் பார்க்க வேண்டும் என்றார். கோமதி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஏட்டு ஏற்கெனவே அவளைக் கூப்பிட்டு விசாரித்திருந்தார். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

"மாமா," என்றாள் என் முதுகைப் பார்த்து. "என் சோத்துல இன்னா இருந்துச்சுன்னு அந்த நாய்கிட்ட கேட்டீங்களா?"

நாய் விஷயம் அவளுக்கு எப்படித் தெரியும் என்று திடுக்கிட்டேன். ரஹீம் பாய் வெள்ளையாகச் சொல்லியிருக்கிறார். வசந்தாதான் எழுந்து போய் அவள் கையிலிருந்து குழந்தையை வாங்கினாள்.

அந்த ரிசல்ட்டும் வந்தது. வசந்தாவுக்கு ஒன்றும் இல்லை. குமாருக்கு இல்லை. கோமதிக்குக் கொஞ்சம். யாழினிக்கு நிறைய. என் அளவுக்கு இல்லை, ஆனால் அந்தச் சின்ன உடம்புக்கு அது ரொம்ப ஜாஸ்தி என்றார் டாக்டர். சில மாதமாக அவள் சோறு வேண்டாம் என்று அடம் பிடித்ததும், பேசிக்கொண்டிருந்த குழந்தை பேச்சைக் குறைத்ததும் எங்களுக்கு அப்போதுதான் உறைத்தது. பிடிவாதம் என்று எல்லாரும் நினைத்திருந்தோம். கோமதி தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் எழுந்து உட்கார்ந்தேன். பெற்ற பிள்ளைக்கு எந்தத் தாயும் வைக்க மாட்டாள். இரண்டு மாதமாக என் வாயில் இருந்த பதில் அந்த நிமிஷம் செத்துப்போயிற்று. அதன் இடத்தில் வைக்க வேறு பதில் என்னிடம் இல்லை.

"உங்க வாய்க்கும் இந்தக் குழந்தை வாய்க்கும் போறது, வசந்தாம்மா வாய்க்குப் போகாதது. அது எது?" என்று கேட்டார் டாக்டர். காலையில் கண் விழித்ததிலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னார். பல் விளக்குவேன், குளிப்பேன், கோயிலுக்குப் போவேன், வந்து காபி குடிப்பேன், இரண்டு இட்லி என்று சொன்னேன். மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் அதையேதான் சொன்னேன். பொய் சொல்லவில்லை.

உறுதிப்படுத்திக்கொள்ள மறுபடி ரத்தம் எடுத்திருந்தார்கள், குழந்தைக்கு ஊசி குத்திய அழுகை இன்னும் ஓயவில்லை. சிஸ்டர் மருந்து பாட்டில் மூடியில் கொஞ்சம் தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்தார். யாழினி அழுகையை நிறுத்தினாள். இடது கையைக் கீழே வைத்து, அதன் மேல் வலது உள்ளங்கையைக் குழித்து நீட்டினாள். சிஸ்டர் சிரித்துக்கொண்டே கையில் ஊற்றினார். உறிஞ்சிக் குடித்துவிட்டு, ஈரக் கையை உச்சந்தலையில் துடைத்துக்கொண்டாள்.

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டார். குனிந்து குழந்தையிடம், இப்படிக் குடிக்க யாரும்மா சொல்லிக் கொடுத்தது என்று கேட்டார்.

"பெரிப்பா தர்ற சாமித் தண்ணி," என்றாள் யாழினி.

டாக்டர் என்னைப் பார்த்தார். "தீர்த்தம் குடிப்பேன்னு நீங்க சொல்லவே இல்லையே ஐயா."

"சாப்பிடுறது குடிக்கிறதத்தான கேட்டீங்க," என்றேன். "தீர்த்தத்த யாராவது அதுல சேர்ப்பாங்களா?"

"அதுல என்ன போடுவீங்க?"

"தண்ணி, வேப்பிலை. அம்மன் முகத்துல சாத்துன மஞ்சள் கரைஞ்சு வரும்."

மஞ்சளை எங்கே வாங்குகிறீர்கள் என்று கேட்டார். அது வாங்கியதில்லை, கம்பெனியில் எடுத்தது என்றேன்.

போன ஆடியில் நடந்தது அது. கிழங்கை அரைத்துப் பூசுகிற மஞ்சள் மத்தியானத்துக்குள் மங்கிவிடும். பக்கத்து ஊர் அம்மன் தங்கமாக ஜொலிப்பதைப் பார்த்து எனக்கு ஒரு ஆசை. எங்கள் பிரிவில் ஓரமாகக் கிடந்த மூட்டையில் மஞ்சள் கலர் பவுடர் இருந்தது. அம்மனுக்குக் கொஞ்சம் எடுத்துக்கட்டுமா பாய் என்று கேட்டேன். அம்மனுக்கா, தாராளமா எடுத்துக்கோ என்று அவரே பையில் அள்ளிக் கொடுத்தார். சிலைக்குப் பூசுவது என்றுதான் அவருக்குத் தெரியும். அந்தத் தண்ணீரை நாங்கள் குடிப்போம் என்று அவருக்கு எப்படித் தெரியும்? அதை மஞ்சளில் கலந்து காப்பு சார்த்தினேன். சாயந்திரம் வரை முகம் சூரியன் மாதிரி இருந்தது. அம்மனுக்குக் களை வந்திருச்சு என்று தெருவே சொன்னது. எனக்குப் பெருமை. தினமும் காலையில் அதைக் கழுவி, அந்தத் தண்ணீரையே தீர்த்தமாகக் கொடுத்தேன். மற்றவர்கள் செவ்வாய், வெள்ளி வருவார்கள். தினமும் தவறாமல் வந்தது கோமதியும் யாழினியும்தான். குழந்தைக்கு நல்லது என்று இரண்டு தரம் ஊற்றுவேன். அந்த மூட்டையைப் பற்றி பாய் பேசியபோது என் காதில் விழுந்ததே தவிர, மூட்டை வேறு அம்மன் வேறு என்று இருந்தது மனசு.

குமார் அன்றே போய்ப் பாக்கிப் பவுடரையும் அம்மன் முகத்திலிருந்து சுரண்டியதையும் கொண்டுவந்தான். இரண்டிலும் காரீயம். ஏதோ ஒரு நாட்டுக்காரன் தன் செருப்புக்கே ஆகாது என்று ஒதுக்கியதை நான் என் தாயின் முகத்தில் பூசியிருக்கிறேன். தட்டை என் கையிலிருந்து அவள்தான் தட்டிவிட்டாள் என்று நம்புகிறேன். டாக்டர் அதற்கு நரம்பு என்று பெயர் சொல்வார். இரண்டும் ஒன்றுதான்.

மருந்து ஒரு மாத்திரை. மூடியைத் திறந்தாலே அழுகிய முட்டை வாடை. அது உடம்பிலுள்ள ஈயத்தைப் பிடித்துச் சிறுநீரில் வெளியே தள்ளுமாம். சில வாரம் போட்டு, நிறுத்தி, ரத்தம் பார்த்து, மறுபடி போட வேண்டும். யாழினிக்கு அதையே அளவு குறைத்துத் தேனில் குழைத்துக் கொடுத்தார்கள். அவள் குமட்டுவது குழந்தைகள் வார்டு வாசல் வரை கேட்கும். நான் போய் அந்த வாசலில் நிற்பேன். உள்ளே போகத் தைரியம் வராது. வசந்தா லீவு போட்டு இரண்டு வார்டுக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தாள். எனக்குக் கஞ்சி ஊட்டிவிட்டு அங்கே போய்க் கோமதிக்குத் தலை பின்னி விடுவாள். ரஹீம் பாய் வந்து என் தொங்கிய கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு, "என்கிட்ட ஒரு வார்த்த, குடிப்போம்னு சொல்லியிருக்கக் கூடாதா ஏழுமல?" என்று மட்டும் கேட்டார்.

நடக்க முடிந்த அன்றே அவுட்போஸ்டுக்குப் போனேன். நான் சொன்னது தப்பு, வைத்தது நான்தான் என்றேன். ஏட்டு நிமிர்ந்து பார்த்து, இன்னா பெரியவரே பேஜார், உங்களுக்கு நீங்களே வச்சிக்கிட்டீங்களா என்றார். டாக்டர் அம்மா எழுதிக் கொடுத்த காகிதத்தை நீட்டினேன். அதில் பொருள் பெயர் இருந்தது, வழி இருந்தது. ஆள் பெயர் எதுவும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் வசந்தாவோடு அடுத்த வாசலுக்குப் போனேன். தப்பு பண்ணிட்டேன்மா என்றேன். கோமதி முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "சரி மாமா," என்றாள். நான் வேலைக்குத் திரும்பிய பிறகும் சோறு வரவில்லை. கேன்டீனில் சாப்பிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டாக்டர் அம்மா எங்கள் தெருவுக்கே வந்து, தீர்த்தம் குடித்த எல்லாருக்கும் ரத்தம் எடுத்தார். நாலைந்து பேருக்குக் கொஞ்சம் இருந்தது, மருந்து தேவையில்லை, தானாக இறங்கும் என்றார். கோயில் படியில் உட்கார்ந்து அம்மனைப் பார்த்தார். புளியும் சாம்பலும் போட்டு மூன்று நாள் தேய்த்திருந்தேன். அம்மன் வெறும் கல்லாக, கறுப்பாக இருந்தாள். இப்போது என்ன மஞ்சள் என்று கேட்டார். கிழங்கைக் காட்டினேன். வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி பூசை வைத்தேன். கை முக்கால்வாசி தேறியிருந்தது. தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். மஞ்சள் வெளிறித்தான் இருந்தது. பத்துப் பேர் வந்தார்கள். தீர்த்தச் சொம்பை எடுத்ததும் எல்லாரும் கும்பிட்டபடி நின்றார்கள். ஒரு கையும் நீளவில்லை. நான் என் கையில் ஊற்றி முதலில் குடித்தேன். அப்போதும் நீளவில்லை.

பின்னாலிருந்து கோமதி வந்தாள். இடுப்பில் யாழினி. கையை நீட்டினாள். ஊற்றினேன். குடித்துவிட்டுத் தலையில் துடைத்துக்கொண்டாள். யாழினியும் இரண்டு கையையும் சேர்த்துக் குழித்து நீட்டினாள். கோமதி அந்தச் சின்னக் கையை மடக்கித் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"இவளுக்கு வேணாம் மாமா."

சரிம்மா என்றேன். ஒரு பூவை எடுத்துக் குழந்தையின் தலையில் வைத்தேன்.

மறுநாள் காலை என் வண்டி ஹேண்டிலில் அந்தப் பழைய டிபன் கேரியர் மாட்டியிருந்தது. மத்தியானம் டேனரி கேட்டில் உட்கார்ந்து திறந்தேன். கத்திரிக்காய்க் குழம்பு. செவலை நாய் வழக்கமான இடத்தில் வந்து வாலை ஆட்டிக்கொண்டு நின்றது. அது ரொம்ப நேரம் நின்றது. அன்றைக்கு அதற்கு நான் ஒரு பருக்கைகூடப் போடவில்லை.